‘டக்’ சத்தம் முதல் ஆயில் கசிவு வரை: பழைய கார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே பின்சக்கர இயக்கமுள்ள பழைய கார்களைப் பற்றியவை. அடியில் படுக்கும் முன் ஒன்று: ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். ஆக்ஸிலுக்கு ஸ்டாண்டு வைத்து, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் அண்டை கொடுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: கிளட்ச்சை விட்டு வண்டி நகரும்போது ‘டக்’கென்று அடி விழுகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்தாலும் அதே சத்தம். டிஃபரென்ஷியலையே (பின் ஆக்ஸிலின் நடுவே இருக்கும் பற்சக்கரத் தொகுதி) மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

அவசரப்படாதீர்கள். கியர்பாக்ஸ் முதல் சக்கரம் வரை ஒவ்வோர் இணைப்பிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அவை எல்லாம் ஒன்றுசேர்ந்துதான் அந்த அடி விழுகிறது. எது அளவுக்கு மீறிவிட்டது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

கியர்பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டின் ஒவ்வொரு கிராஸ் ஜாயின்ட்டையும் (கூட்டல் குறி வடிவக் கிராஸ் கொண்டு மடங்கும் இணைப்பு) பாருங்கள். ஜாயின்ட்டுக்கு முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை வைத்து எதிரெதிராகத் திருகுங்கள். கிராஸுக்கும் அதைப் பிடித்திருக்கும் கவை போன்ற யோக்குக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற அசைவு இருந்தால் அது போய்விட்டது. சீலைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்து ஊசி உருளைகள் துருப்பிடித்துவிட்டன என்று பொருள். அடுத்து, ஷாஃப்ட் நீளவும் குறுகவும் இடம் தரும் பல்வரிசை இணைப்பான சறுக்கும் ஸ்ப்ளைனைத் திருகிப் பாருங்கள். இவை இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே டிஃபரென்ஷியல் பக்கம் போகலாம். அங்கேயும் பல நேரம் தேய்ந்திருப்பது கிரௌன்-பினியன் (ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பும் பெரிய, சிறிய பற்சக்கர ஜோடி) அல்ல, உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்களின் த்ரஸ்ட் வாஷர்கள்தான். அவற்றை மட்டும் மாற்றினாலே போதும்.

கிராஸ் மாற்றுகிறவர்கள் சறுக்குவது ஓர் இடத்தில்தான். புதிய பேரிங் கப்பை அழுத்தும்போது ஓர் ஊசி உருளை சரிந்து கப்பின் அடியில் குறுக்காகப் படுத்துக்கொள்ளும். கப் முழுதாக இறங்காது, கப்பை வெளியே வராமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையத்தின் பள்ளம் பாதி மறைந்து நிற்கும். சுத்தியலால் அடித்தால் உருளை உடையும், அவ்வளவுதான். கப்பைக் கழற்றி, உருளைகளைக் கிரீஸால் சுவரோடு ஒட்டி நிறுத்தி, கிராஸின் தண்டைக் கப்புக்குள் நுழைத்துப் பிடித்தபடியே பெஞ்ச் வைஸில் மெல்ல அழுத்துங்கள். நான்கு சர்க்ளிப்பும் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்த பின், யோக்கின் காதை மென்சுத்தியலால் லேசாகத் தட்டினால் இறுக்கம் விடும். ஜாயின்ட் இரு திசையிலும் விரலால் தள்ளினாலே தடங்கலின்றி அசைய வேண்டும். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருந்தால், நான்கு சீல்களிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள்.

கேள்வி: இரண்டு கிராஸும் புதிதாகப் போட்டாயிற்று. இப்போது வேகம் கூடினால் தரையே நடுங்குகிறது. முன்பு இப்படி இல்லை.

ஷாஃப்டைச் சறுக்கும் ஸ்ப்ளைனில் பிரித்துவிட்டு ஒரு பல் தள்ளிக் கோர்த்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இருந்தாக வேண்டும். கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறையும். முன் ஜாயின்ட் உண்டாக்கும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயின்ட் சமன் செய்கிறது. யோக்குகள் விலகிப்போனால் இரண்டும் சேர்ந்து ஆட்டும். கழற்றும் முன்பே ஷாஃப்டிலும் அது பூட்டப்படும் தட்டான ஃப்ளேஞ்சிலும் பெயிண்ட் கோடு போட்டிருந்தால் இந்தத் தொல்லையே வராது.

யோக்குகள் நேராக இருந்தும் நடுங்கினால், பேலன்ஸ் எடைத்துண்டு விழுந்திருக்கிறதா, குழாயில் நசுங்கல் உண்டா, கட்டியாகத் தார் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நடுங்கும் வேகத்திலேயே நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். நடுக்கம் தொடர்ந்தால் எஞ்சினும் கிளட்ச்சும் காரணமல்ல.

கேள்வி: டிஃபரென்ஷியலின் முன்புறம் உள்ள பினியன் சீலில் ஆயில் கசிகிறது. நட்டைக் கழற்றிச் சீலை மாற்றி மறுபடி முறுக்கினால் போதும்தானே?

சீலைத் தொடும் முன் ஆக்ஸில் மேலுள்ள காற்றுத் துளையான பிரீதரைப் பாருங்கள். அது மண்ணால் அடைபட்டால் உள்ளே சூடேறும் காற்று ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். அதைச் சுத்தம் செய்தும் கசிந்தால் சீலை மாற்றுங்கள்.

நட் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். பல ஆக்ஸில்களில் பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்பேசர் இருக்கிறது. பேரிங்கின் இறுக்கத்தை நிர்ணயிப்பது அதுதான். ஒருமுறை அதிகமாக நசுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. புது ஸ்பேசர்தான் போட வேண்டும். அதற்குப் பினியனை வெளியே எடுக்க வேண்டிவரும். ஆகவே பிரிக்கும் முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, சக்கரங்களையும் பிரேக் டிரம்களையும் எடுத்துவிட்டு, பினியனைச் சுழற்ற எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று குறைந்த அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் அளந்து எழுதி வையுங்கள். நட்டுக்கும் தண்டுக்கும் ஃப்ளேஞ்சுக்கும் சேர்த்து ஒரு கோடும் போடுங்கள். திருப்பி முறுக்கும்போது கோடு வரை வந்ததும் நிறுத்தி அளந்து, அதே அளவோ சற்றே கூடுதலோ வரும் வரை துளித்துளியாக முறுக்குங்கள். ஏர் கன் கண்டிப்பாகக் கூடாது. ஸ்பேசர் நசுங்காத வகையாக இருந்தால், மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு முறுக்கலாம். சீல் உரசும் ஃப்ளேஞ்ச் கழுத்தில் நகம் தட்டும் பள்ளம் இருந்தால், சீல் புதிதாக இருந்தும் கசியும்.

கேள்வி: இரண்டாம் கியர் விழும்போது கரகரக்கிறது. ஆக்ஸிலுக்கு வாங்கிய ஜிஎல்-5 ரக கியர் ஆயிலையே கியர்பாக்ஸிலும் ஊற்றினேன். குறையவில்லை.

ஆயிலை முதலில் மாற்றுங்கள். ஜிஎல்-5 ஆயிலின் கந்தக-பாஸ்பரஸ் சேர்க்கைகள் ஆக்ஸிலில் ஒன்றோடொன்று உரசிச் சுழலும் ஹைப்பாய்ட் பற்களுக்காக உள்ளவை. அவற்றில் பல, கியர் விழும்போது வேகங்களை ஒன்றாக்கும் பித்தளை, வெண்கல சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. வளையம் பிடிக்க வேண்டிய உராய்வையும் குறைக்கின்றன. மேனுவல் கேட்பதையே ஊற்றுங்கள்: பலவற்றுக்கு ஜிஎல்-4, எம்ஜிபி (MGB) கார் போன்ற சிலவற்றுக்கு 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில்.

பிறகு கிளட்ச்சைச் சோதியுங்கள். எஞ்சின் ஓட, பெடலை முழுதாக மிதித்து ஐந்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அதுவும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. ஹைட்ராலிக் குழாயில் புகுந்த காற்று, கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர், பெடல் ஆட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்து இரண்டாம் கியர் மட்டும் கரகரத்தால் சிங்க்ரோ தேய்ந்துவிட்டது. கியர்பாக்ஸைப் பிரித்தால், வளையத்தைக் கூம்பின்மேல் அழுத்தி, வளையத்துக்கும் கியரின் பற்களுக்கும் இடையிலான இடைவெளியை மெல்லிய அளவுத் தகடுகளான ஃபீலர் கேஜால் அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: வண்டி வருடக்கணக்கில் நின்றதால் கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொண்டது. கியர்பாக்ஸை இறக்காமல் விடுவிக்க வழி உண்டா?

ஸ்லேவ் சிலிண்டர் முழுதாக நகர்கிறதா என்று பார்த்த பிறகு, வெட்டவெளியில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில் முயலலாம். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். டாப் கியர் போட்டு, கிளட்ச்சையும் பிரேக்கையும் அழுத்தி மிதித்தபடி ஸ்டார்ட்டரை ஒரு நொடி தட்டுங்கள். நாலைந்து முறையில் விடவில்லையென்றால் நிறுத்திவிட்டு கியர்பாக்ஸை இறக்குங்கள். இறக்கியதும் ஏர் அடித்துத் தூசியை ஊதாதீர்கள். பழைய கிளட்ச் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.