சிங்கப்பூர் புவோனா விஸ்தா ஆய்வகத்தில் வந்த நெல் டிஎன்ஏ பேண்ட் (ஜெல்லில் தெரியும் கோடு) மட்டக்களப்பில் வரவில்லையா?

முதலில் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பிசிஆரை (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) திரும்ப ஓட்டுங்கள்.

இங்கே பயிற்சியில் தெளிவாக வந்த நெல் மார்க்கர் (டிஎன்ஏ அடையாளக் குறி) ஊர் ஆய்வகத்தில் பேண்டே காட்டவில்லை என்கிறீர்கள். இங்கே எடுத்தது இளநாற்று இலை, அங்கே முற்றிய வயல் இலை. அதிலுள்ள பாலிசாக்கரைடும் பாலிஃபீனாலும் பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் என்சைமை முடக்கியிருக்கும். நீர்க்கச் செய்தால் அவையும் குறையும்.

நன்றாக ஓடும் டிஎன்ஏவைத் தனியாகவும், உங்கள் சாம்பிள் கொஞ்சம் கலந்தும் ஓட்டிப் பாருங்கள். கலந்ததில் மட்டும் பேண்ட் மறைந்தால் இலைதான் காரணம். தனியாகவும் வரவில்லையா? அப்போ மின்வெட்டில் ஃப்ரீசர் சூடேறி என்சைம் போயிருக்கலாம்.

புது பிசிஆர் மெஷினுக்கு இப்போதே பணம் கேட்க வேண்டாம். ஸ்வர்ணா நெல்லுக்கு வெள்ளம் தாங்கும் சப்1 மரபணுவைக் கொண்டுவந்ததும் இதே மாதிரி எஸ்எஸ்ஆர் (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டு) மார்க்கர்களை வைத்துத்தான்.

ஒன்று, டிஎன்ஏ சிதைந்திருந்தால் நீர்க்கச் செய்வது உதவாது. டிஎன்ஏ துண்டுகளை அளவுப்படி பிரித்துக் காட்டும் அகரோஸ் ஜெல்லில் பார்த்துவிடுங்கள்.