வான்வழித் தூரம்: கணக்கு வேறு, பறப்பது வேறு

கேள்வி: பெங்களூரு – லண்டன் வான்வழித் தூரத்தை நாமே கணக்குப் போட முடியுமா? விமானம் ஏன் அதைவிட அதிகத் தூரம் பறக்கிறது? – வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: முடியும். சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையம் வடக்கு 13°12′, கிழக்கு 77°42′. லண்டன் ஹீத்ரு வடக்கு 51°28′, மேற்கு 0°27′. பலர் சறுக்குவது இங்கேதான்: 13°12′ என்பதை 13.12 என்று எழுதிவிடுவார்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் அது 13.20. மற்றவை 77.70, 51.47, 0.45.

ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு. ஆகவே தீர்க்கரேகைகளைக் கூட்டுங்கள்: 78.15. ஒரே பக்கமாக இருந்தால்தான் கழிக்க வேண்டும். லண்டன் கணக்கில் தவறிக் கழித்தாலும் 60 கி.மீ. சொச்சம்தான் குறையும். சான் பிரான்சிஸ்கோவுக்கு அதையே செய்தால், 14,000 கி.மீ. தள்ளியிருக்கும் ஊர் 5,200 கி.மீ.க்குள் வந்து நிற்கும்!

சைன் (sin) 13.20 × சைன் 51.47 = 0.1786. காஸ் (cos) 13.20 × காஸ் 51.47 × காஸ் 78.15 = 0.1245. இரண்டும் சேர்ந்து 0.3031. எந்தக் கோணத்தின் காஸ் இது? 72.36 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது 111.2 கி.மீ.; அதனால் பெருக்கினால் 8,046 கி.மீ. கால்குலேட்டர் ரேடியனில் (கோணத்துக்கான இன்னொரு அலகு) இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும். முதலில் டிகிரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பூமி துருவங்களில் சற்றே தட்டை என்பதால் அரை சதவீதம் வரை முன்பின் இருக்கலாம்.

இந்தக் குறுக்குப் பாதை ஏறக்குறைய கராச்சிக்கு மேலேயே போகிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வான்வெளியை மூடியதும், அவை அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு மேற்கே போகையில், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்று எதிரே அடிக்கும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பயண நேரம் குறையும். மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்து 9 மணி நேரம் எனத் திட்டமிட்டு, லண்டனில் அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புகிறவர்கள் பெங்களூரு நெரிசலைத் தாண்டி ஊருக்கு வடக்கே தேவனஹள்ளி போகும் நேரத்தையும் தனியாகச் சேர்க்க வேண்டும். எந்தச் சூத்திரத்துக்கும் அது அடங்காது.

கேள்வி: சான் பிரான்சிஸ்கோ வரைபடத்தில் பசிபிக் கடலுக்கு நேர் அந்தப் பக்கம் இருக்கிறது. பெங்களூருவிலிருந்து அங்கே போகும் விமானம் ஏன் வடக்கே ஏறுகிறது? – வாசகி, பாலக்கோடு

பதில்: தட்டைப் படம் செய்யும் குழப்பம் இது. பள்ளிக்கூட உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் இடையே நூலை இறுக்கிப் பிடியுங்கள். அது சீனா, சைபீரியா வழியே ஏறி, கிட்டத்தட்ட 71 டிகிரி வடக்கைத் தொட்டு இறங்கும். துருவத்தையே தொட்டுப் போனாலும் 400 கி.மீ.க்குள்தான் கூடும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவம் வழியாகத்தான் பெங்களூரு வந்து இறங்கினார்கள். காற்று சாதகமாக இருக்கும் நாளில் பசிபிக் வழியாகவும் போவதுண்டு.