காட்டு ஸ்ட்ராபெரி டிஎன்ஏ பழுப்பாக, கொழகொழவென வந்தால்

வணக்கம். காட்டு ஸ்ட்ராபெரி இலையில் எடுத்த டிஎன்ஏ பழுப்பாக, பசை போல வருகிறது, டிஎன்ஏ வரிசையைப் படித்துத் தரும் சீக்வென்சிங் மையத்தில் ஏற்க மறுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கவலைப்படாதீர்கள், இந்தச் செடியில் பலருக்கும் நடப்பதுதான்.

நறுக்கிய வாழைக்காய் கறுக்கிறதே, அதே கதைதான் இங்கேயும். இலையில் உள்ள பாலிஃபீனால்கள் (துவர்ப்புச் சேர்மங்கள்) காற்று பட்டதும் பழுப்பாகி டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்கின்றன. கொழகொழப்புக்குக் காரணம் பாலிசாக்கரைடுகள், அதாவது நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். இரண்டுமே முற்றிய இலையில் அதிகத் தொல்லை தரும். விசிறி மாதிரி மடிந்து, இன்னும் விரியாத தளிரை மட்டும் எடுங்கள். ஓரிரு நாள் செடியை இருட்டில் வைத்தால் மாவுச்சத்தும் குறையும். பறித்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டுவிடுங்கள். அரைக்கும்போது இளகவே கூடாது.

செல்களை உடைத்து டிஎன்ஏவைப் பிரிக்கும் சிடிஏபி கரைசலில், பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பிவிபியை 2 சதவீதம் சேருங்கள். பழுப்பாவதைத் தடுக்கும் மெர்காப்டோஎத்தனாலை அன்றன்றைக்குச் சேர்ப்பதுதான் நல்லது. கரைசலில் உப்பின் செறிவை 1.4 மோலாரிலிருந்து 2 மோலாருக்கு மேல் உயர்த்திப் பாருங்கள், பசை நன்றாகக் குறையும். அப்புறம் டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/230 விகிதம் (260, 230 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) 2-ஐ ஒட்டி வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, ஓடுதண்டால் இணைந்த செடிகள் எல்லாம் மரபணுவில் ஒரே செடிதான். பக்கத்துப் பக்கத்தில் பத்துச் செடி எடுத்தால் பத்து மாதிரி ஆகிவிடாது, தள்ளித்தள்ளி எடுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த செடி அருமையானது. ஃப்ராகேரியா வெஸ்கா, அதாவது இந்தக் காட்டு ஸ்ட்ராபெரியின் மரபணுத்தொகை சுமார் 24 கோடி கார இணைகள்தான், குரோமோசோம் 7 ஜோடி. தோட்ட ஸ்ட்ராபெரியில் 56 குரோமோசோம்கள். ஒப்பிட, 2011-இல் வெளியான ‘ஹவாய் 4’ என்ற காட்டு ஸ்ட்ராபெரி ரகத்தின் மரபணுத்தொகை வரிசையின் புதுப்பித்த பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.