வீட்டுக்கல்வியும் ஊரும் – கடிதம்

வணக்கம் அக்கா,

கரூர் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 7. இரண்டு வருடமாக வீட்டிலேயே படிக்கிறார்கள். படிப்பில் குறையில்லை. ஆனால் பகலில் சேர்ந்து விளையாடத் தெருவில் ஒரு பிள்ளை கிடையாது. எங்களைப் போன்ற குடும்பம் எதுவும் பக்கத்தில் இல்லை. "பிள்ளைகளை ஊரோடு ஒட்டாமல் வளர்க்கிறாயே" என்கிறார் மாமியார். யாரிடம் போவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மாமியார் கேட்பது நியாயம்தான். என் மகன் வீட்டில் படித்த முதல் வருடம் நானும் நம்மைப் போன்ற குடும்பங்களைத்தான் தேடினேன். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்ப்போம். திரும்பி வந்தால் அதே நாலு சுவர். உள்ளூரிலேயே ஆள் தேடியிருக்கலாம் என்று பிறகுதான் உறைத்தது.

கிளை நூலகத்தில் ஆரம்பியுங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம், அது உங்கள் பிள்ளைகளுக்கும் உரிய இடம். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் போங்கள். எங்கள் நூலகர் முதல் வாரம் "இன்னைக்கு லீவா?" என்றார். மூன்றாவது வாரம் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில், 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழ் வந்தால் மகனுக்காக டிராயரில் எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டார். அங்கே பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன் தபால்தலை ஆல்பத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து வெள்ளைத்தாளில் வைப்பார். "கை வைக்காதே தம்பி, விரல் ஈரம் பட்டா போச்சு." மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். அவன் உலக வரைபடத்தை விரும்பித் தேடியது அதற்கப்புறம்தான்.

சம வயதுப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. 5 முதல் 16 வயது வரை சேரலாம், பாட்டு, பரதம், ஓவியம் எல்லாம் குறைந்த கட்டணத்தில் உண்டு. பல மாவட்டத் தலைநகரங்களில் நடக்கிறது, விசாரியுங்கள். பள்ளிப் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். நமக்கு வேண்டியதும் அதுதான்.

மகளுக்கு 10 வயது என்பதால் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கும் போகலாம். 10 முதல் 17 வயது வரை, பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கும் இடமுண்டு. உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக் குழுவாக ஆய்வு செய்ய வேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக்காரர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

தேர்வைப் பற்றி இப்போதே பயப்பட வேண்டாம். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிரம்பினால் போதும், தமிழிலும் எழுதலாம்.

அப்புறம், தெருமுனை சைக்கிள் கடையை விட்டுவிடாதீர்கள். கூட்டம் இல்லாத பகல் நேரத்தில் கேட்டால், சக்கரத்தில் பெண்டு எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கவிடுவார்கள். ஆரக்கம்பியின் மரையைக் கால் சுற்று திருகி, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, எங்கே உரசுகிறது என்று காது கொடுப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த நேரம் வாய்க்காது, உங்கள் பிள்ளைகளுக்கு இருக்கிறது.

இதற்கெல்லாம் மாமியாரையே துணைக்கு அழையுங்கள். எந்தத் தெருவில் யார் கோரைப்பாய் நெய்கிறார்கள், யார் வீட்டில் தறி ஓடுகிறது என்று உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் போய் நின்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். அடுத்த வாரமே போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா