சைக்கிளோட ரெயின் ஏறலாமோ? – வாசகர் கேள்வி பதில்

லீவு கிட்டுதோ என்னவோ, இந்த முறை வந்ததில சைக்கிள் கேள்வியள்தான் கூட. அதால மற்றதுகளை அடுத்த இதழுக்கு விட்டிட்டு இதுகளை மட்டும் எடுக்கிறம்.

கேள்வி: நாங்கள் நாலு பெடியள். மன்னாரில இருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் சைக்கிள் ஓடுற ஒரு பயணத்தில சேர்ந்திருக்கிறம், விடியவே மன்னாரில தொடங்குது. சைக்கிளை ரெயினில கொண்டு போகலாமோ, இல்லாட்டி வான் பிடிக்கிறதோ? – கோண்டாவில் வாசகர்

பதில்: கொண்டு போகலாம் தம்பி, ஆனா நீங்கள் இருக்கிற பெட்டிக்குள்ள இல்ல. சைக்கிள் பார்சலாத்தான் போகும், கார்ட் நிக்கிற பெட்டியில சாமான் ஏத்துற இடம் இருக்கு, அதுக்குள்ள. ரிக்கெற் கவுண்டரில நிண்டு மினக்கெடாமல் நேர பார்சல் கந்தோருக்குப் போங்கோ, அங்க போம் நிரப்பி, காசு கட்டி, சைக்கிளில ஒரு துண்டு கட்டி விடுவினம், அந்த ரசீதைப் பத்திரமா வையுங்கோ, இறங்கிற இடத்தில அதைக் காட்டித்தான் எடுக்கோணும். ரெயின் வெளிக்கிடுறதுக்கு ஒரு மணித்தியாலம் முந்தியாவது நிக்கோணும், நாலு சைக்கிள் எண்டா இன்னும் வெள்ளனப் போங்கோ. கொழும்பு கோட்டையில ஏத்துற ஆக்களுக்கு இதுவும் காணாது.

இனித்தான் முக்கியமான விசயம். எல்லா ரெயினும் ஒண்டில்ல. இடம் இருக்கிற வண்டியும் இருக்கு, பார்சலே எடுக்காத வண்டியும் இருக்கு, யாழ்தேவியோ இன்டர்சிட்டியோ இரவு மெயிலோ எதுவெண்டாலும் முதல் நாளே ஸ்டேசனுக்குப் போய் "நாளைக்கு இந்த ரெயினில நாலு சைக்கிள் ஏத்துவியளோ, அதே ரெயினிலதான் வருமோ" எண்டு வாய்விட்டுக் கேளுங்கோ. இந்த ரெண்டாவது கேள்வியை மறக்கவே வேண்டாம், நீங்கள் போய் இறங்க சைக்கிள் பின்னால வாற வண்டியில வந்தா அண்டைய நாள் போச்சு.

மன்னாருக்கு ரெயினிலயே போறதெண்டா மதவாச்சியில இறங்கித் தலைமன்னார் ரெயினுக்கு மாறோணும், சைக்கிளையும் மாத்தோணும், நாலு சைக்கிளோட அது பெரிய தலையிடி. என்னைக் கேட்டா வவுனியாவில இறங்குங்கோ. அங்க இருந்து பறயனாலங்குளம் போய் மதவாச்சி - மன்னார் றோட்டில ஏறினா மடு றோட், முருங்கன், உயிலங்குளம் எண்டு மன்னார் போய்ச் சேரலாம், 80 கிலோமீட்டர் அளவில வரும், றோட்டும் மட்டமான றோட்டு. ஆனா அடுத்த நாள் விடியவே 110க்கு மேல ஓட இருக்கெல்லோ, அதால ஒரு நாள் கூட்டி எடுத்து மன்னாரில நிண்டு காலை ஆத்துங்கோ. கோட்டை இருக்கு, பள்ளிமுனையில பெருக்கமரம் இருக்கு, றோட்டு முழுக்கக் கழுதையள் இருக்கு, பொழுது போகும்.

வவுனியாவில ரெயின் நிண்டவுடன ஒராள் கார்ட் பெட்டிக்கு ஓடிப் போய் நிக்கோணும். நாலு பேரும் பையைத் தேடிக்கொண்டு நிண்டா சைக்கிள் கொழும்பு பாத்திடும்.

வான் லேசுதான், மறுக்கேல்ல, ஆனா ரெயினில போற சுகம் அதில இல்ல.

கேள்வி: புது கியர் சைக்கிள். பார்சலில போட்டா கீறி நெளிச்சுப் போடுவாங்கள் எண்டு பயமா இருக்கு. எப்பிடிக் கட்டுறது? – சாவகச்சேரி வாசகர்

பதில்: பயம் நியாயமானதுதான், மீன் பெட்டியும் மரக்கறி மூடையும் போற இடத்தில உங்கட சைக்கிளுக்குத் தனி மரியாதை கிடைக்காது. சைக்கிள் கடையளில புதுச் சைக்கிள் வந்த மட்டைப்பெட்டி சும்மா கிடக்கும், கேட்டா தருவினம். முன்சில்லைக் கழட்டி பிறேமோட சேத்துக் கட்டுங்கோ, ஹாண்டிலைத் திருப்புங்கோ, சீற்றை இறக்குங்கோ. பெடல் கழட்டேக்க கவனம், வலப்பக்கப் பெடல் வழமைபோலக் கழரும், இடப்பக்கப் பெடல் எதிர்ப்பக்கம் புரி, மணிக்கூடு சுத்திற திசைக்குத்தான் திருப்போணும், அது தெரியாமல் பலம் குடுத்துப் புரியையே நாசமாக்கின ஆக்கள் எத்தினையோ பேர். கழட்டின நட்டு, பெடல் எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கையில வையுங்கோ.

பெட்டி கிடைக்காட்டிப் பழைய ரியூப்பை நீளமா வெட்டி பிறேமில சுத்துங்கோ, கயிறை விட அது நல்லா இறுகும், கீறவும் மாட்டுது. பின் கியர் வலப்பக்கம் இருக்கிறதால படுக்க வைக்கேக்க இடப்பக்கம்தான் கீழ வரோணும், இதைப் பெட்டியிலயும் பெரிசா எழுதி விடுங்கோ, தமிழிலயும் சிங்களத்திலயும். லைற், பம், தண்ணிப் போத்தில் ஒண்டும் சைக்கிளில விட வேண்டாம்.

கேள்வி: என்னட்ட இருக்கிறது பழைய லுமாலா. இதில நூறு கிலோமீட்டர் ஏலாது எண்டு வீட்டில சிரிக்கினம். – நல்லூர் வாசகி

பதில்: சிரிக்கிற ஆக்களை ஒருக்கா ஓடச் சொல்லுங்கோ தங்கச்சி. கரண்ட் இல்லாத 90களில இதே மாதிரிச் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்ட ஊர் இது. மன்னார் றோட்டில ஏத்தம் எண்டு சொல்லுறதுக்கு ஒண்டும் இல்ல, கியர் இல்லாதது பெரிய குறையும் இல்ல. போக முதல் பிறேக் கட்டை மாத்துங்கோ, சில்லு ஆடுதோ பாருங்கோ, செயினுக்கு எண்ணெய் விடுங்கோ. சீற்றைக் கொஞ்சம் உயத்துங்கோ, எங்கட ஆக்கள் எல்லாரும் சீற்றைப் பதிச்சு வைச்சு ஓடிப்போட்டுத்தான் முழங்கால் நோகுது எண்டு சொல்லுறது.

கேள்வி: மன்னார் - யாழ்ப்பாணம் ஓட எந்த மாதம் நல்லம்? – மானிப்பாய் வாசகர்

பதில்: மாதத்தை விட காத்தைப் பாருங்கோ. அந்த றோட்டு, ஏ32, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி எண்டு கடலை இடப்பக்கம் வைச்சுக்கொண்டு வடக்க வரும். வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் சோளகம் தென்மேற்கால அடிக்கும், அப்ப மன்னாரில இருந்து வந்தா காத்து முதுகில, யாழ்ப்பாணத்தில இருந்து போனா மூஞ்சையில. மன்னார்த் தீவில 30 காத்தாலை நிக்குதே, தம்பபவனி எண்டு பேர், 2020 மார்கழியில திறந்தது, அதுகளை அங்க கொண்டுபோய் நட்டது சும்மாவோ? அந்தக் காத்துக்கு எதிரா 100 கிலோமீட்டர் மிதிக்கிற வேலை எனக்குத் தெரிஞ்ச எதிரிக்கும் வேண்டாம்.

அதால கோண்டாவில் தம்பிமார் சேர்ந்த பயணம் சோளக காலத்தில எண்டா ஆர் ஒழுங்கு செய்ததோ, விசயம் தெரிஞ்ச ஆக்கள். போகேக்க ரெயின், வரேக்க சைக்கிள். வடகிழக்கால காத்து அடிக்கிற வாடைக் காலத்தில மாத்திப் போடுங்கோ, இங்க இருந்து ஓடிப் போய் அங்க இருந்து ரெயினில திரும்பி வாறது, முதல் மாரி மழை விடட்டும், தை, மாசி நல்லம். அப்ப இன்னொரு லாபமும் இருக்கு, மன்னார்ப் பாலத்துக்குக் கிட்ட வங்காலைப் பக்கம் பூநாரையள் வந்து நிக்கும், சோளகத்தில போற ஆக்களுக்கு அது கிடைக்காது.

வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்ல. நாலு நாலரைக்கே வெளிக்கிட்டு பத்து மணிக்குள்ள பாதித் தூரம் முடிச்சிடோணும், நடுவில கடை இல்லாத வெளி நிறைய இருக்கிறதால ஆளுக்கு மூண்டு லீற்றர் தண்ணியாவது கொண்டு போங்கோ, ஒட்டுப் போடுற சாமான், பம், மேலதிக ரியூப் ஒண்டு கட்டாயம். சங்குப்பிட்டிப் பாலத்தில காத்து பக்கத்தால தள்ளும், பின்னால பஸ் வாற நேரம் ஓரமா நிண்டு விடுங்கோ, அதில ஒரு வெக்கமும் இல்ல. 2011இல பாலம் திறக்கிறதுக்கு முந்தி அதில பாதைதான், அதாவது ஆக்களையும் வாகனங்களையும் ஏத்திற மிதவைதான், ஓடினது, இப்ப நிண்டு ரெண்டு படம் எடுத்துப்போட்டே போகலாம்.

கேள்வி: அப்பா சொல்லுறார், சைக்கிளைக் கோச்சியில ஏத்துறதெல்லாம் வெள்ளைக்காரன்ர பழக்கமாம். – சுன்னாகம் வாசகர்

பதில்: யாழ்தேவி 1956இல ஓடத் தொடங்கினது, 1990இல நிண்ட ரெயின் திரும்ப யாழ்ப்பாணம் வர 2014 ஐப்பசி ஆச்சு. 24 வருசம் ரெயினையே காணாத ஊரில அதில சைக்கிள் ஏத்துற பழக்கம் எங்கால வரும்? அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா பார்சல் கந்தோருக்குப் போங்கோ.

கேள்வி: மடிக்கிற சைக்கிளுக்கும் பார்சல் போடோணுமோ? – திருநெல்வேலி வாசகி

பதில்: மடிச்சுப் பைக்குள்ள போட்டு உங்கட காலடியிலயோ மேல தட்டிலயோ அடங்கினா அது சாதாரண பொதிதான், பெரிசா ஆரும் கேக்க மாட்டினம். நடைபாதையை மறிச்சா கேப்பினம், கேக்கவும் வேணும்.