வால்வு நோயும் இதயத் தசைத் தழும்பும்: எம்ஆர்ஐ பற்றிய கேள்வி பதில்

இதய எம்ஆர்ஐ படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் தினசரி வேலை. வால்வு நோய் உள்ளவர்களின் வீட்டிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அப்பாவுக்கு 68 வயது. அயோர்ட்டிக் வால்வு (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசல்) நன்றாகச் சுருங்கிவிட்டது என்று எக்கோவில் தெரிந்துவிட்டது. பம்பிங் 60 சதவீதம், நார்மல். பிறகு எதற்கு டாக்டர் எம்ஆர்ஐ?

வால்வைப் பார்க்க எக்கோ போதும். எம்ஆர்ஐ கேட்பது தசைக்காக. சுருங்கிய வாசல் வழியாக ரத்தத்தை வருடக்கணக்கில் தள்ளித் தள்ளி இடது கீழறையின் சுவர் தடித்துப்போகிறது. தடித்த தசைக்கு ரத்தம் போதுமான அளவு கிடைப்பதில்லை. செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, அந்த இடத்தில் நார்த்திசு வந்து உட்காருகிறது. அதுதான் தழும்பு. இதெல்லாம் நடக்கும்போதும் பம்பிங் 60 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

தழும்பு படத்தில் எப்படித் தெரியும்?

கையில் கடோலினியம் என்ற மருந்தை ஊசியாகப் போடுவோம். அது உயிருள்ள செல்லுக்குள் நுழையாது, செல்களுக்கு இடைப்பட்ட இடத்தில் மட்டும் தங்கும். தழும்பில் அந்த இடைவெளி அதிகம், மருந்து வெளியேறவும் நேரமாகும். பத்து நிமிடம் காத்திருந்து, நல்ல தசை கறுப்பாகத் தெரியும்படி மெஷினைச் சரிசெய்து படம் எடுத்தால் தழும்பு வெள்ளையாக நிற்கும்.

எங்கே நிற்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மாரடைப்புத் தழும்பு சுவரின் உள்விளிம்பிலிருந்து தொடங்கும். அயோர்ட்டிக் வால்வு சுருக்கத்தில் பெரும்பாலும் சுவரின் நடுப்பகுதியில், கறுப்பு வளையத்துக்குள் சாக்பீஸால் லேசாகக் கீறியது போலத் தெரியும். சிறிய கீறல்தான், ஆனால் அலட்சியப்படுத்தக்கூடாது. பிரிட்டனில் வால்வு மாற்றிக்கொண்ட 674 பேரைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. பாதிப்பேருக்குத் தழும்பு இருந்தது. இடது கீழறைத் தசையில் தழும்பின் பங்கு ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும் இறப்பு அபாயம் 11 சதவீதம் கூடியது.

ஆப்பரேஷன் செய்தால் தழும்பு மறையுமா? அம்மாவுக்கு வால்வு மாற்றி ஒரு வருடம் ஆகிறது, ஆனால் எம்ஆர்ஐ அறிக்கையில் ஈசிவி என்ற எண் 28-லிருந்து 30 ஆகிவிட்டது. பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். நார்த்திசு இரண்டு விதமாகப் படிகிறது. ஒன்று மேலே சொன்ன வெள்ளைக் கீறல், அது போகாது. இன்னொன்று தசை முழுக்க மெல்லப் பரவியிருப்பது. அது தனியாக வெள்ளையாகத் தெரியாது, அதை அளப்பதற்குத்தான் ஈசிவி. மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் ரத்தத்தின் ஹீமட்டோக்ரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) வைத்துக் கணக்கிடுவோம். பரவிய நார் வால்வு மாற்றியபின் குறையும்.

அப்படியானால் எண் ஏன் ஏறியது? ஈசிவி என்பது விகிதம், தசையில் செல்களுக்கு இடைப்பட்ட இடம் எத்தனை சதவீதம் என்பது. சுமை இறங்கியதும் தடித்த செல்கள் வேகமாகச் சுருங்கிவிடுகின்றன, நார் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. நாரின் மொத்த அளவு குறைந்திருந்தாலும் விகிதம் சற்று ஏறித் தெரியும். அம்மாவின் தசை எடை குறைந்திருக்கிறதா என்று அறிக்கையில் பாருங்கள். குறைந்திருந்தால் நல்ல செய்திதான். இரண்டு முறையும் ஒரே மெஷினில் எடுத்தார்களா என்பதையும் கேளுங்கள். மெஷினுக்கு மெஷின் எண் மாறும்.

எனக்குத் தொந்தரவே இல்லை. வால்வு சுருக்கம் அதிகம், தழும்பும் இருக்கிறது. உடனே ஆப்பரேஷனா?

இதே கேள்வியோடு நடந்ததுதான் எவால்வ்டு ஆய்வு. உங்களைப் போன்ற 224 பேர். 2024-இல் முடிவு வந்தது. இறப்பு அல்லது திடீரென மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை, சீக்கிரம் வால்வு மாற்றியவர்களில் 18 சதவீதம், காத்திருந்தவர்களில் 23 சதவீதம். இந்த வித்தியாசத்தை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. திட்டமிட்டதைவிடக் குறைவானவர்களே ஆய்வில் சேர்ந்தார்கள் என்பதும் ஒரு காரணம். ஆகவே தழும்பு ஒன்றை மட்டும் வைத்து ஆப்பரேஷனுக்கு ஓட வேண்டாம். ஆனால் மாடி ஏறும்போது மூச்சு வாங்கினால், நெஞ்சு அடைத்தால், மயக்கம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

உலோக வால்வு வைத்தவர்கள் எம்ஆர்ஐக்குள் போகலாமா? கிட்னி பிரச்சினை இருந்தால்?

போகலாம். செயற்கை வால்வும் நெஞ்செலும்பைக் கட்டிய கம்பியும் தடையில்லை, வால்வைச் சுற்றிப் படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டையை எடுத்து வாருங்கள். சிறுநீரகம் வடிகட்டும் அளவு (ரத்தப் பரிசோதனையில் eGFR என்று இருக்கும்) 30-க்குக் கீழே போயிருந்தால் கடோலினியம் போடுவதற்கு முன் டாக்டரிடம் பேசியாக வேண்டும்.

பாட்டிக்குக் காது மந்தம். உள்ளே தனியாக இருப்பாரா?

இதை மறக்காமல் டெக்னீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முக்கால் மணி நேரம் ஹெட்போனில் "மூச்சை வெளியே விடுங்க, அடக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்போம். கேட்காவிட்டால் படம் ஆடிப்போய்விடும். முந்தின நாள் வீட்டிலேயே படுக்க வைத்து, மூச்சை விட்டு பத்து எண்ணும்வரை அடக்கிப் பழக்குங்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்போம், அமுக்கினால் உடனே வந்துவிடுவோம் என்றும் சொல்லி வையுங்கள்.