சதுரங்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2024 மார்ச் மாதத்தில் என் மகளின் சர்வதேசத் தரப்புள்ளி, அவள் எந்தப் போட்டியிலும் ஆடாமலேயே 1250-இலிருந்து 1550-ஆக உயர்ந்துவிட்டது. இது பிழையா?
– வாசகி, ஈரோடு

பதில்: பிழையன்று. அம்மாதம் 1-ஆம் தேதி உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, தரப்புள்ளியின் கீழ்வரம்பை 1000-இலிருந்து 1400-ஆக உயர்த்தியதோடு, 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000-ஐ எட்ட அவர்களுக்கு எத்தனை புள்ளிகள் குறைந்தனவோ அதில் நூற்றுக்கு நாற்பது பங்கை ஒரே ஒருமுறை கூட்டிக் கொடுத்தது. தங்கள் மகளுக்குக் குறைந்தவை 750 புள்ளிகள். எனவே கிடைத்தவை 300. வேகமாக வளரும் சிறுவர்கள் உண்மைத் திறனைவிடக் குறைந்த தரப்புள்ளியோடு வந்து மற்றவர்களின் புள்ளிகளைக் கரைத்துவந்ததே இந்தத் திருத்தத்திற்கு முக்கியக் காரணம். எதிரில் அமர்பவர்களுக்கும் புள்ளிகள் கூடியிருப்பதால், இதற்காக இனிப்பு வழங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பதினெட்டு வயது நிறையாத, 2300-க்குக் கீழுள்ள ஆட்டக்காரருக்குப் பெருக்குஎண் (ஓர் ஆட்டத்தின் முடிவால் தரப்புள்ளி எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 40 என்பதால், தனக்குச் சமமான தரப்புள்ளி உள்ளவரை வென்றால் 20 புள்ளிகள் ஏறும், தோற்றால் அதே 20 இறங்கும் என்பதைத்தான் தாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி: சென்னையின் டால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கியவர் யார்?
– வாசகர், தென்காசி

பதில்: இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன், 1972-இல் அங்கிருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கினார். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகிய இடமும் அதுவே.